இந்த வான் ஆற்றை பேரில், மச்சாள்?

மச்சாள்,

போன மாதம் முருங்கனில் இருந்து ஒரு மனிதர் வான் வாங்கவென்று வந்து, உங்கள் வானின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். திறந்த கையோடு பின்னுக்கு வந்து மூக்கைத் தேய்த்தார். பின்னால் நின்ற எனக்கும் அது அடித்தது. நீங்கள் முழங்காலுக்குப் பூசும் தைலமும், வேர்க்கொம்புச் சுக்குப் போட்டு இடித்த கோப்பித்தூளும், அணைத்து வைத்த மெழுகுதிரியும் கலந்த மணம். ஒரு வருசமாகப் பூட்டிக் கிடந்த வானுக்குள் அது அப்படியே இருந்தது. நீங்கள் உள்ளே படுத்திருக்கிறீர்கள், இப்போது தலையைத் தூக்கி "ஆர் அது?" என்று கேட்கப் போகிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்தே விட்டேன்.

"ஆர் இதுக்குள்ள படுத்தது?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"என்ர மச்சாள்."

"வருத்தக்காரியோ? ஏதும் நோயோ?"

"இல்லை, பயணக்காரி."

அவர் கட்டிலைத் தட்டிப் பார்த்தார். அடுப்பு மேடையை ஆட்டிப் பார்த்தார். "இதுகளைக் கழட்டி எறிஞ்சு போட்டு சீற்றுப் போட்டா, பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தி இறக்கலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓப்பன் பேப்பர்தானே அக்கா?" என்று கேட்டார்.

"இல்லை. உடையவவின்ர பேரிலயே பதிவுப் புத்தகம் இருக்கு."

"அது இன்னும் நல்லம். அவவைக் கூப்பிடுங்கோ, ஒரு கையெழுத்து வைக்கட்டும்."

"அவ சேமக்காலையில."

"எப்ப வருவா?"

ஆரோ ஒருவரின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தப் போயிருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். நான் விளங்கப்படுத்தின பிறகு தொப்பியைக் கழற்றினார், போட்டார், பிறகும் கழற்றினார். போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "ஓப்பன் எண்டா இப்பவே கொண்டு போயிருப்பன் அக்கா. பேர் மாத்தினதுதான் பிழைச்சுப் போச்சு."

அன்றிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது, மச்சாள். பேர் மாற்றாமல் விட்டால் பிழை என்று நீங்கள் ஊர் ஊராய் எங்களை இழுத்துக்கொண்டு திரிந்தீர்கள். மாற்றினது பிழை என்று இந்த மனிதர் ஒரு நிமிசத்தில் சொல்லிவிட்டார். எது சரி? உங்களிடம் கேட்கலாம் என்றால் நீங்கள் எழும்பி வரும் ஆள் இல்லை.

உங்கள் ஆண்டு நினைவுப் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கப் போகிறோம், எல்லாரும் ஏதாவது எழுதித் தாருங்கோ என்று உங்கள் தங்கச்சி சொல்லியிருக்கிறா. "அக்காவின்ர செபத்தைப் பற்றி எழுதுங்கோ அண்ணி" என்றா. உங்கள் செபம் ஆண்டவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது உங்கள் வான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தைப் பிள்ளைகள் திருத்தட்டும், வானை மட்டும் ஆரும் திருத்த வேண்டாம்.

நீங்கள் இத்தாலியில் இருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த நாளில், இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது நினைவிருக்கிறது. அத்தனை வருசமும் பிறத்தியாரின் தாய் தகப்பனைக் குளிப்பாட்டி, உடுப்புத் தோய்த்து உழைத்ததில் ஊரில் ஒரு கல்வீடு எழும்பியது. அது உங்கள் தங்கச்சியின் சீதனமாகப் போய்விட்டது. அப்பா விட்ட வளவு உங்கள் தம்பியின் பேரில், அதாவது என் வீட்டுக்காரரின் பேரில் இருந்தது. நீங்கள் ஒன்றுக்கும் முகம் கோணவில்லை. நடு அறையைத் தந்தோம். பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "காணும் மச்சாள், இது காணும்" என்றீர்கள். ஆனால் பெட்டிகளில் இருந்த உடுப்பை எடுத்து அலுமாரியில் வைக்க மாட்டேன் என்று நின்றீர்கள். "என்ன, திரும்பப் பறக்கிற யோசனையோ?" என்று கேட்பேன். சிரிப்பீர்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "நான் ஒரு வான் வாங்கப் போறன், கட்டில் போட்ட வான்" என்றீர்கள்.

உங்கள் தம்பிக்குச் சோறு விக்கிவிட்டது.

இத்தாலியில் நீங்கள் வைத்துப் பார்த்த கிழவனும் கிழவியும் அப்படி ஒரு வண்டி வைத்திருந்தார்களாம். அதற்குள்ளே படுக்கை, குசினி, தண்ணீர்க் குழாய், யன்னலுக்குத் திரை எல்லாம் இருந்ததாம். ஒரு கோடைக்கு உங்களையும் ஏற்றிக்கொண்டு ஏதோ ஏரிக்கரைக்குப் போனார்களாம். "மழை பெய்ஞ்சா தலைக்கு மேல தட்டும் மச்சாள். காலமை கதவைத் திறந்தா வேற ஊர் நிக்கும்" என்றீர்கள்.

"அப்ப ஆமை மாதிரி வீட்டை முதுகில கட்டிக்கொண்டு திரியப் போறியளோ?" என்றேன் நான்.

"ஏன் அக்கா, இந்த வீட்டில உங்களுக்கு இடமில்லையோ?" என்றார் உங்கள் தம்பி. அவருக்கு மனம் நொந்துவிட்டது.

"இடம் இருக்கு தம்பி. நல்லாத்தான் பாக்கிறியள். ஆனா எனக்கு அறுபது வயதாகப் போகுது. என்ர பேரில ஒரு சாமான் இல்லை. ஒரு சைக்கிள்கூட இல்லை."

அதுதான் விசயம். உங்களுக்கு வேண்டியிருந்தது வானா, பேரா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பேர்தான் வேண்டும் என்றால் ஒரு சைக்கிளோடு விட்டிருக்கலாமே, எங்களுக்கும் அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று பலதரம் பகிடி பண்ணியிருக்கிறேன்.

அந்த வான் மன்னார் ரவுனில் ஒரு வேப்ப மரத்துக்குக் கீழே நின்றது. டொல்பின் வான். தலைமன்னார்ப் பக்கம் காற்றுக் காலத்தில் பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடவென்று ஆரோ சீற்றுகளைக் கழற்றிக் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பூட்டியிருந்தார்கள். நீங்கள் ஏறி, செருப்பைக் கழற்றி, கட்டிலில் காலை நீட்டிப் பார்த்தீர்கள். அந்த நேரமே வான் விற்றுப்போய்விட்டது என்று எனக்கும் தெரிந்தது, புரோக்கருக்கும் தெரிந்தது.

"ஓப்பன் பேப்பர், அக்கா. சுத்தமான ஓப்பன்" என்றான் புரோக்கர், ஏதோ சுத்தமான தேன் என்கிற மாதிரி.

அதென்ன என்று நான் கேட்டேன். புத்தகத்தில் பேர் உள்ள முதல் ஆள், விற்கிற கடதாசியில் கையெழுத்துப் போட்டு, வாங்குகிறவரின் பேர் வரும் இடத்தை வெறுமையாக விட்டுவிடுவாராம். பிறகு வான் ஆர் ஆரின் கைக்குப் போனாலும் அந்தக் கடதாசியும் கூடவே போகுமாம். ஒருத்தரும் தன் பேரை எழுத மாட்டாராம்.

"அப்ப வான் ஆற்றை?" என்றேன்.

"வாங்கினா உங்கட, அக்கா."

"புத்தகத்தில?"

"அது வேற ஆள்."

"அந்த ஆள் வந்து தா எண்டு கேட்டா?"

"வரமாட்டார்."

"ஏன் வரமாட்டார்?"

"அவருக்கு இப்பிடி ஒரு வான் இருக்கிறதே ஞாபகம் இராது."

நான் உங்கள் பக்கம் திரும்பினேன். "மச்சாள், இது பதிவு ஒருத்தரோட, குடித்தனம் இன்னொருத்தரோட எண்ட கதை. சுவாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார்" என்றேன். புரோக்கர் விழுந்து விழுந்து சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. "நான் என்ர பேருக்கு மாத்துவன்" என்றீர்கள்.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். நாட்டில் ஒருத்தரும் அப்படிச் செய்கிறதில்லை, புத்தகத்தில் பேர்கள் ஏற ஏறத் திரும்ப விற்கும்போது வாங்குகிறவன் முகம் சுழிப்பான் என்றான். உங்கள் தம்பியும் அதையே சொன்னார். பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற முன்பின் தெரியாத மனிதர்கூட வந்து அதையே சொன்னார். "நான் விக்கிறதுக்கு வாங்கேல்லை" என்றீர்கள் எல்லாருக்கும்.

பேர் மாற்றுகிற கந்தோரில்தான் முடிச்சு விழுந்தது. அந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். கதிரை போட்டு இருத்தி, ஆறுதலாகத்தான் சொன்னார். புத்தகத்தில் உள்ளபடி இது ஆட்களை ஏற்றுகிற வான். சீற்றுகள் இருக்க வேண்டும். வந்து நிற்பது கட்டில் போட்ட வான். புத்தகத்தோடு ஒத்துவராத வானைப் பேர் மாற்ற ஏலாது.

"அப்ப கட்டில் எண்டு புத்தகத்தில எழுதுங்கோ சேர்" என்றீர்கள்.

"எழுதலாம் அம்மா. ஆனா அதுக்கு வானின்ர சொந்தக்காரர் வந்து விண்ணப்பிக்க வேணும்."

"நான்தான் சொந்தக்காரி."

"நீங்கள் இன்னும் சொந்தக்காரி இல்லை. பேர் மாத்தினாத்தான் சொந்தக்காரி."

"அப்ப பேரை மாத்துங்கோ."

"வான் புத்தகத்தோட ஒத்துவரவேணும், அம்மா."

நான் இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சுற்றில் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று பிடிபடவில்லை. வெளியே வந்து உங்கள் தம்பி, "பேசாமல் எல்லாரையும் மாதிரி ஓப்பனிலயே ஓடுவம் அக்கா" என்றார். நீங்கள் புத்தகத்தைத் திறந்து, அந்த முதல் ஆளின் விலாசத்தில் விரலை வைத்தீர்கள். புத்தளத்துக்கு அங்கால், கடலேரிக் கரையில் ஒரு ஊர்.

"இவரைக் கூட்டிக்கொண்டு வருவம்" என்றீர்கள்.

மடு மாதா கோயிலுக்கும் ஏரிக்கரைக்கும் போகவென்று வாங்கின வானில் நாங்கள் போன முதல் பயணம் அதுதான், மச்சாள். வான் தன்னுடைய சொந்தக்காரரைத் தேடிப் போனது. உங்கள் தம்பி ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்து வழி பிழையாகச் சொன்னேன். நீங்கள் பின்னால் கட்டிலில் ராசாத்தி மாதிரிச் சாய்ந்து, யன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்த்தீர்கள். வழியில் ஒரு குளக்கட்டில் நிற்பாட்டச் சொல்லி, அந்தச் சின்ன அடுப்பில் கோப்பி ஊற்றித் தந்தீர்கள். குடித்துவிட்டு நான் கோப்பையைத் திரும்ப நீட்டினேன். "என்ன, ஒரு பகிடியும் வரேல்லையோ?" என்று கேட்டீர்கள். கோப்பி அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த மனிதர் தன் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். வெள்ளைத் தாடி, சாரம், தொப்பி. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"நானா, உங்கட வானைக் கொண்டு வந்திருக்கிறம்" என்றேன் நான், கொஞ்சம் வெருட்டிப் பார்ப்போம் என்று.

"எனக்கு வான் இல்லையே, தங்கச்சி."

"இருக்கு நானா. புத்தகம் சொல்லுது."

அவர் புத்தகத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துத் தன் பேரைத் தானே வாசித்தார். பிறகு வானைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "மன்னாரில எவடம்?" என்று கேட்டார். வங்காலை என்றோம்.

"நான் எருக்கலம்பிட்டி" என்றார்.

எருக்கலம்பிட்டிச் சனம் எப்படிப் புத்தளத்துக்கு வந்தது என்று நாங்கள் கேட்கவும் தேவையில்லை, அவர் சொல்லவும் தேவையில்லை. முஸ்லிம் சனத்தை இயக்கம் ஊரை விட்டு வெளியேற்றி, கையில் எடுக்கக் கூடியதை எடுத்துக்கொண்டு அவர்கள் வெளிக்கிட்டபோது நாங்கள் இக்கரையில் இருந்தோம். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு, ஊரைப் பார்க்கப் போய் வருகிற சனத்தை ஏற்றத்தான் அந்த வானை வாங்கினாராம். கண் மங்கின பிறகு கடதாசியில் கையெழுத்து வைத்து ஒருத்தனிடம் கொடுத்தாராம். அத்தோடு மறந்துபோனார்.

"ஊரில எங்கட வளவு கிடக்கு. உறுதிப் பத்திரம் என்ர பெட்டிக்குள்ள இருக்கு, அங்க குடியிருக்கிறது வேற ஆக்கள். இஞ்ச இந்த வீட்டில நான் இருக்கிறன், இந்தக் காணிக்கு உறுதி ஆரிட்ட எண்டு தெரியாது. இப்ப ஒரு வானும் வந்து நிக்குது" என்று சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன்.

பிறகு எழும்பி வானுக்குள் ஏறினார். கட்டிலைக் கண்டார். முகத்தை இறுக்கிக்கொண்டு திரும்பினார்.

"என்ர வானில ஆர் கட்டில் போட்டது? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கத்தான் நானா இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்றேன்.

எனக்குச் சோடியாக ஒரு பகிடிக்காரர் கிடைத்துவிட்டார் என்று நான் குளிர்ந்துபோனேன். உங்களுக்கு முகமெல்லாம் வெளிறிவிட்டது. கையெழுத்து வைப்பாரா மாட்டாரா என்பதுதான் உங்கள் யோசனை. கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "ஐயா, கந்தோருக்கு ஒருக்கா வரவேணும். கட்டில் எண்டு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேணும். பிறகுதான் என்ர பேருக்கு" என்று தொடங்கினீர்கள்.

"வாறன் தங்கச்சி. நாளைக்கு வாறன். கையெழுத்தும் வைக்கிறன். ஆனா இண்டைக்குப் பொழுதுபடும் வரைக்கும் நான் சொந்தக்காரன்தானே?"

உங்கள் தம்பியின் பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்து, கடலேரிக் கரை முழுக்க ஓட்டச் சொன்னார். சந்தியில் கண்டவர்களுக்கெல்லாம் கை காட்டினார். "ஆற்றை வான் நானா?" என்று ஒரு மீன்காரன் கூப்பிட்டுக் கேட்டான். "என்ர" என்றார். பின்னால் கட்டிலில் நானும் நீங்களும் இருந்தோம். "ஆள் திருப்பித் தரமாட்டார் போல கிடக்கு மச்சாள்" என்று நான் உங்கள் காதில் சொன்னேன். நீங்கள் என் தொடையில் நுள்ளினது இப்போதும் நோகிறது. ஆனால் அவர் "என்ர" என்று சொன்ன விதத்தை நீங்கள் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதையும் நான் கண்டேன்.

அடுத்த நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஏறினார். மடுச் சந்தியில் நீங்கள் சிலுவை போட்டீர்கள். மன்னார்ப் பாலம் வந்ததும் அவர் உங்கள் தம்பியின் கையில் தட்டி, மெதுவாகப் போகச் சொன்னார். பாலம் முடியும் வரை கடலையே பார்த்தார்.

கந்தோரில் உத்தியோகத்தர் கேட்டார்: "ஏன் ஐயா சீற்றுகளைக் கழட்டினீங்கள்?"

"வயசு போச்சு சேர். இனி இருந்து போக ஏலாது, படுத்துத்தான் போகலாம்" என்றார் நானா. உத்தியோகத்தர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகும் அலைச்சல் இருந்தது. வானை ஒருத்தர் வந்து பார்த்தார், அளந்தார், கட்டிலில் இருந்தும் பார்த்தார். கடைசியில் புத்தகம் வந்தது. நீங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து எங்களுக்கு வாசித்தீர்கள். எஞ்சின் இலக்கம், நிறம், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் வாசித்தீர்கள். உங்கள் பேர் வந்ததும் அப்பாவின் பேரோடு முழுதாக, பூசையில் நிருபம் வாசிக்கிற குரலில் வாசித்தீர்கள். பிறகு, "இனி ஆரும் கேட்டா என்ர எண்டு சொல்லலாம்" என்றீர்கள்.

"ஆர் கேக்கப் போயினம்?" என்றேன் நான்.

ஒருத்தரும் கேட்கவில்லைத்தான், ஒரே ஒரு தரத்தைத் தவிர. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகும்போது ஒரு பொலிஸ்காரர் மறித்து, உடையவர் ஆர் என்று சிங்களத்தில் கேட்டார். உங்கள் தம்பி வாய் திறக்க முன்னம், நீங்கள் பின்னால் கட்டிலில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தி, "மம தமயி" என்றீர்கள். நான்தான் என்று. புத்தகத்தையும் யன்னலால் நீட்டினீர்கள். அவர் அதைப் பார்க்காமலே போகச் சொல்லிக் கை காட்டிவிட்டார். மடுவுக்குப் போய்ச் சேரும் வரை உங்களுக்கு மனம் ஆறவில்லை. "ஒருக்கா விரிச்சாவது பாத்திருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். நான் புத்தகத்தை வாங்கி, பொலிஸ்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்துத் திருப்பித் தந்தேன்.

வருத்தம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு நடு அறையை விட்டு வானுக்கே குடிபோனீர்கள். எங்கள் முற்றத்தில், முருங்கை மரத்தடியில் வான் நின்றது. பெட்டிகளில் இருந்த உடுப்பெல்லாம் வெளியே வந்து கட்டிலுக்கு மேலே உள்ள தட்டில் அடுக்குப்பட்டது. நற்கருணை கொண்டுவந்த சுவாமியார் குனிந்து ஏறித் தலையை இடித்துக்கொண்டார். "நிக்கிற காணி என்ர புருசன்ர. வாடகை எங்க?" என்று காலையில் தேத்தண்ணி கொண்டுவந்து கதவில் தட்டுவேன். "உள்ளுக்கு வாறதெண்டா கேட்டிட்டு வா" என்பீர்கள்.

மழை பெய்த ஒரு காலையில் தட்டினேன். நீங்கள் கேட்கவில்லை.

உங்கள் தம்பி அழுதுகொண்டே உங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டு விறாந்தைக்கு ஓடினார். "அக்காவை வானுக்குள்ள சாக விட்டிட்டினம் எண்டு சனம் சொல்லும்" என்றார். சனம் வரும் முன்னம் கட்டிலை விரித்து உங்களை நடு அறையில் கிடத்தினோம். வந்தவர்கள் எல்லாரும் "எங்க உயிர் போனது?" என்று கேட்டார்கள். நான்தான் சொன்னேன், "அவ தன்ர வீட்டில போனவ" என்று. எல்லாரும் அறையைப் பார்த்தார்கள். நான் முற்றத்தைப் பார்த்தேன்.

அந்த முருங்கன் மனிதர் வந்து போன பிறகு கிராம விதானையாரிடம் போனோம், அவர் காட்டின வழியில் கந்தோருக்குப் போனோம். உங்களுக்குப் புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆகவே உரித்து, தம்பிக்கும் தங்கச்சிக்கும். மரண அத்தாட்சி, சத்தியக்கடதாசி, இன்னும் என்னென்னவோ கேட்டார்கள். "எனக்கு அக்கா வீடே தந்திட்டா, வான் வேண்டாம்" என்று தங்கச்சி எழுதிக் கொடுத்துவிட்டா. ஓப்பனாக விட்டிருந்தால் இத்தனையும் இல்லை. நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், விளங்கவில்லை. நானா மறந்திருந்த காலம் முழுக்க அது நானாவின் வான். ஓட்டினவர்களில் ஒருத்தருக்கும் அது சொந்தமில்லை. ஓட்டவே தெரியாத உங்களுக்குச் சொந்தம். இப்போது இரண்டு முழம் மண்ணுக்குக் கீழே இருக்கிறீர்கள், இன்று காலை வரை அது உங்கள் வான்தான். சொந்தம் என்றால் என்ன சாமான் அது? பேரா, திறப்புச் சாவியா, படுத்த மணமா?

இன்று காலை வானையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பற்றறி மாற்றிக்கொண்டு போனோம். கந்தோரில் ஒரு இளம்பிள்ளை இருந்தா. கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரி. அப்ப ஆற்றை பேருக்கு மாத்திறது?" என்று கேட்டா.

உங்கள் தம்பி தொண்டையைச் செருமினார். அடையாள அட்டையை மேசையில் வைத்தார்.

"என்ர பேருக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன், மச்சாள், ஆர் சொன்னது என்று. பின்னால் ஒருத்தரும் இல்லை.

அவர் என்னை, பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்த ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "விக்கத்தானே மாத்திறம்?" என்றார்.

"விக்கிறனோ இல்லையோ, பிறகு யோசிப்பன்."

"ஐயாவுக்குச் சம்மதமோ?" என்று அந்தப் பிள்ளை கேட்டா.

அவர் கனநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடின அந்தக் காலையை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. தன் அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். "அவளின்ர பேருக்கே எழுதுங்கோ பிள்ளை" என்று சொல்லி, காட்டின இடமெல்லாம் கையெழுத்து வைத்தார்.

எனக்கு ஏன் அப்படி வாயில் வந்தது? உங்களை எத்தனை பகிடி பண்ணினவள் நான். கந்தோர் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக யோசித்தேன்: வளவு அவர் பேரில், வள்ளம் அவர் பேரில், லைற் பில் இன்னும் செத்துப்போன மாமாவின் பேரில். நான் அதுவரை ஒன்றையும் ஆற்றை பேரில் என்று கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்றும் தெரியாது.

வெளியே வெயில். அவர் வானின் முன்கதவைத் திறந்தார். ஒரு காலைப் படியில் வைத்தவர், ஏறாமல் நின்றார். திறந்த கதவுக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"ஏறட்டோ?" என்று கேட்டார்.

பகிடிக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று முகத்தில் தெரியவில்லை. கலியாணம் கட்டின நாளில் இருந்து அந்த மனிதர் என்னிடம் கேட்டு ஒரு இடத்தில் ஏறினதோ இருந்ததோ இல்லை. செத்த வீட்டிலும் பகிடி விடுகிற எனக்கு, அந்த இடத்தில் ஒரு சொல் வரவில்லை. அவர் காலைப் படியில் வைத்தபடியே நின்றார். நான் மற்றப் பக்கத்தால் போய் ஏறி, உள்ளே இருந்தபடி அவரின் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மீனும் கழுவி, உலையும் வைத்தாயிற்று. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இன்னும் வாய்க்குள்ளேயே நிற்கிறது, மச்சாள். அதை விழுங்கவும் மனமில்லை, சொல்லவும் தெரியவில்லை.